முந்தாநாள் என்ன தொட்டீர்கள்?

மதுரை சிம்மக்கல்லில் மாடியேறி என் தோல் கிளினிக்குக்கு வருகிறவர்கள், மூச்சு வாங்கி உட்காருவதற்குள் தீர்ப்பையும் சொல்லிவிடுவார்கள். "நேத்து கருவாட்டுக் குழம்பு டாக்டரம்மா, அதான் இப்படி." எனக்கு நேற்று வேண்டாம், முந்தாநாள்தான் வேண்டும். முந்தாநாள் என்ன தொட்டீர்கள், எதைப் பூசினீர்கள், எதை உடுத்தினீர்கள்? தொட்டதால் வருகிற ஒவ்வாமை பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று நாள் கழித்துத்தான் தோலில் தெரியும். அதற்குள் நாம் தொட்டதை மறந்துவிட்டுத் தின்றதைத் திட்ட ஆரம்பித்துவிடுவோம். இந்த மாதம் வந்த கடிதங்களிலும் கத்திரிக்காயும் மீனும்தான் அதிகம் திட்டு வாங்கியிருக்கின்றன.

வயது 54. மீசைக்கும் தலைக்கும் ஒன்பது வருஷமாக ஒரே டைதான். மகள் நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள் ராத்திரி அடித்தேன். விசேஷத்தன்று ஒன்றும் இல்லை. அதற்கு மறுநாள் காலையில் மேலுதடு தடித்து, நீர் வடிந்து, இரண்டு கண்ணும் திறக்க முடியவில்லை. பந்தியில் சாப்பிட்ட கத்திரிக்காய்தான் காரணம் என்கிறாள் மனைவி. டை பழைய சரக்காக இருக்கும் என்கிறார் சலூன்காரர். இப்போது 'ஹெர்பல் கறுப்பு மருதாணி' பவுடர் வாங்கி வைத்திருக்கிறேன். ஆவணியில் கல்யாணம். அடிக்கலாமா?
— வாசகர், உசிலம்பட்டி

அந்தப் பவுடரை முதலில் குப்பையில் கொட்டுங்கள். பெட்டியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், எனக்குப் படிக்க வேண்டும்.

கத்திரிக்காயை விடுதலை செய்துவிடலாம். ராத்திரி டை அடித்து, ஒரு பகல் ஒரு ராத்திரி கழித்து வீங்கியிருக்கிறது. கணக்குச் சரியாக இருக்கிறது. சரக்கு பழசாக இருந்ததாலும் இது வரவில்லை. கறுப்பு டையில் பாரா ஃபினைலின் டைஅமின் என்று ஒரு பொருள் உண்டு. பி.பி.டி. என்பார்கள், பெட்டியின் பக்கவாட்டில் எறும்பு எழுத்தில் போட்டிருக்கும். மூலக்கூறு மிகச் சின்னது. அதனால்தான் முடிக்குள் புகுந்து, அங்கே பெராக்சைடோடு சேர்ந்து கறுப்பாக மாறி, பிறகு வெளியே வர முடியாமல் தங்கிவிடுகிறது. முடிக்குள் புகத் தெரிந்ததற்குத் தோலுக்குள் புகத் தெரியாதா?

"ஒன்பது வருஷமா இதைத்தானே போடுறேன்" என்பதை நான் தினம் ஒரு தடவையாவது கேட்கிறேன். ஐயா, அந்த ஒன்பது வருஷம்தான் விஷயமே. முதல் தடவை தொட்டவுடன் யாருக்கும் இந்த ஒவ்வாமை வராது. உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் அந்தப் பொருளை அடையாளம் கண்டு மனப்பாடம் செய்ய வேண்டும். சிலருக்கு இரண்டு வாரம் போதும், சிலருக்கு இருபது வருஷம் ஆகும். ஒரு தடவை மனப்பாடம் ஆகிவிட்டால் பெரும்பாலும் ஆயுசுக்கும் மறக்காது. அடுத்த தடவை இதைவிட வேகமாக, இதைவிடப் பெரிதாக வீங்கும்.

'ஹெர்பல்' என்று அட்டையில் இலை படம் போட்டிருந்தாலும், மருதாணி இலையில் கறுப்பு கிடையாது. அதில் இருப்பது லாசோன் என்ற சாயம். அது செம்மஞ்சளாகப் பிடித்துப் பிறகு பழுப்பாகும், அதற்கும் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அரைமணி நேரத்தில் அட்டைக்கரியாக வருகிற மருதாணியில் பி.பி.டி. கலந்திருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் தலைமுடி டையில் இது 2 சதவீதத்துக்கு மேல் கூடாது, தோலில் நேரடியாகப் பூசவே கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள்.

போன சித்திரைத் திருவிழா முடிந்த வாரம் ஒரு ஒன்பது வயசுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். புறங்கையில் மயில். திருவிழாக் கடையில் கறுப்புக் கோனில் போட்டது. சாயம் போய்விட்டது, மயில் போகவில்லை. தோகைக் கண் ஒவ்வொன்றும் ஒரு நீர்க்கொப்புளமாக, கோடு பிசகாமல் அப்படியே எழும்பியிருந்தது. "அழகா இருக்குல்ல டாக்டர்?" என்று அந்தப் பிள்ளையே கேட்டது. கொப்புளம் ஆறிவிடும். ஆனால் அதன் உடம்பு பி.பி.டி.யை மனப்பாடம் செய்துவிட்டது. நாற்பது வயதில் நரைக்கு டை அடிக்கிற அன்றைக்கு அந்த மயில் திரும்ப வரும்.

உங்களுக்கு இரண்டு வழி. கலப்பில்லாத மருதாணி இலையைக் காயவைத்து நீங்களே இடித்துத் தேய்த்து, அலசிவிட்டு, அதன் மேல் அவுரி இலைப் பொடியைப் பூசலாம். அவுரி நீலம், மருதாணிச் சிவப்போடு சேர்ந்தால் கறுப்பு மாதிரி வரும். அதையும் முதலில் முழங்கை மடிப்பில் ஒரு பொட்டளவு வைத்து 48 மணி நேரம் பாருங்கள். டையை மட்டும் அப்படி வீட்டில் சோதித்துப் பார்க்க வேண்டாம், அதை என்னைப் போன்ற ஆள் முன்னால்தான் செய்ய வேண்டும். பல் டாக்டரிடம் போனால் டை அலர்ஜி இருப்பதைச் சொல்லிவிடுங்கள். மரத்துப்போக வைக்கும் பென்சோகைன் மருந்து இதற்குப் பங்காளி, ஒன்று ஒத்துக்கொள்ளாவிட்டால் மற்றதும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

இரண்டாவது வழி, நரைத்த மீசையோடே மேடையில் நிற்பது. உசிலம்பட்டியில் இது ஒப்புக்கொள்ளப்படுமா என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

என் மகளுக்கு 22 வயது. புருவ மத்தியில் மிளகு அளவு வெள்ளை விழுந்திருக்கிறது. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து ஸ்டிக்கர் பொட்டுதான். மாப்பிள்ளை பார்க்கிற நேரத்தில் இப்படி. வெண்குஷ்டமா? நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை.
— ஒரு தாய், செல்லூர்

குஷ்டத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்தப் பெயரையே வீட்டில் யாரும் சொல்லாதீர்கள், வெண்புள்ளி என்று சொல்லுங்கள். அதிலும் உங்கள் மகளுக்கு வந்திருப்பது பொட்டின் பசையால் வந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மேலே போட்டிருக்கிற சாயத்தை எல்லோரும் சந்தேகப்படுவார்கள், பின்னால் ஒட்டியிருக்கிற பசையை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். சில பசைகளில் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் சேர்ந்த பிசின் இருக்கும். இது தோலுக்கு நிறம் கொடுக்கிற அணுக்களைக் கொல்லும். சில பேருக்கு முதலில் அரிக்கும். சில பேருக்கு அரிப்பே இல்லாமல் ஒருநாள் பொட்டை எடுத்தால் அடியில் வெள்ளை.

இது ஒன்றும் புதுச் சங்கதி இல்லை. 1939ல் அமெரிக்காவில் ஒரு தோல் பதனிடும் ஆலையில் வேலைக்காரர்களின் கை வெளுத்துப் போனது. தோல் பதனிடும் மருந்தைத்தான் முதலில் சந்தேகப்பட்டார்கள். கடைசியில் பார்த்தால், கையைக் காப்பாற்றப் போட்டிருந்த ரப்பர் கையுறைதான் காரணம். ரப்பர் கெடாமலிருக்கச் சேர்த்திருந்த மோனோபென்சோன் என்ற பொருள் நிறத்தைத் தின்றுவிட்டது. ரப்பர் செருப்பு வார் பட்ட இடத்தில் வார் அகலத்துக்கே வெளுத்து வருகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன்.

ஒட்டுகிற பொட்டு எந்தக் கம்பெனியாக இருந்தாலும் இன்றோடு போதும். கம்பெனி மாற்றிப் பார்க்கும் விளையாட்டு வேண்டாம். சீக்கிரம் நிறுத்தினால் பலருக்கு நிறம் மெல்லத் திரும்பும், மாதக்கணக்கில் ஆகும். சிலருக்குக் களிம்பு தேவைப்படும், சிலருக்கு முழுசாகத் திரும்பாமலும் போகலாம். பசை படாத இடத்தில் புதிதாக வெள்ளை விழுந்தால் உடனே கூட்டி வாருங்கள். குங்குமம் வைக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். மஞ்சளில் செய்தது என்றால் பெரும்பாலும் தொந்தரவில்லை. சாயம் கலந்த குங்குமம் வேறு வம்பு, நெற்றியைச் சாம்பல் கறுப்பாக்கிவிடும். ஆறு மாதம் வெறும் நெற்றியாக இருந்தால் குடி ஒன்றும் முழுகாது.

மாப்பிள்ளை வீட்டில் மறைக்க வேண்டுமா என்பதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தில் தெரிகிறது. பொட்டுப் பசை பட்டு வெளுத்தது என்று சொல்லுங்கள். பொய் சொல்லவும் தேவையில்லை, பயந்து சொல்லவும் தேவையில்லை.

தாலிச் செயின் படுகிற இடத்தில் நெஞ்சில் சொறி. வெயில் காலத்தில் தாங்க முடியவில்லை. 22 காரட் தங்கம்தான். ராத்திரி கழற்றி வைக்கலாமா என்று கேட்டதற்கு மாமியார் மூன்று நாள் பேசவில்லை.
— வாசகி, திருநகர்

தாலியைக் கழற்ற வேண்டாம், மாமியாரிடம் சொல்லுங்கள். தாலியில் எத்தனை ஊக்கு மாட்டியிருக்கிறீர்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்டால் எந்தப் பெண்ணும் ஒரு நொடி சிரிப்பார். நான்கு, ஐந்து, ஒருவரிடம் பதினொன்று எண்ணினேன். முந்தானைக்கு ஒன்று, பிள்ளையின் பட்டன் அறுந்தால் ஒன்று, பஸ்ஸில் இடிக்கிறவனுக்கு ஒன்று. ஊக்கின் பளபளப்பு பெரும்பாலும் நிக்கல் முலாம். வேர்வை உப்பில் நிக்கல் கரைந்து தோலுக்குள் இறங்கும். மதுரை வெயிலில் மே மாதம் அதிகமாவதும் மார்கழியில் அடங்குவதும் அதனால்தான். தங்கத்தின் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. ஊக்குகளைப் பர்ஸுக்கு மாற்றிவிட்டு மூன்று வாரம் பாருங்கள்.

கவரிங் தோட்டில் காது புண்ணாகும் பழக்கம் சின்ன வயதில் இருந்ததா? பெரும்பாலும் நிக்கல் அலர்ஜி காதுகுத்தில்தான் ஆரம்பிக்கிறது. ஜீன்ஸ் பட்டன் படுகிற தொப்புளடி, வாட்ச்சின் பின்மூடி, பெல்ட் கொக்கி எல்லாம் அதே கணக்கு. பட்டனுக்கு உள்பக்கம் ஒரு துண்டு பருத்தித் துணி தைத்துக்கொள்ளலாம்.

கண் இமை இரண்டும் அரித்துச் செதில் செதிலாக வருகிறது. மை போடுவதில்லை, முகத்துக்கு எதுவும் பூசுவதில்லை. கண் டாக்டர் மூன்று தடவை சொட்டு மருந்து மாற்றிவிட்டார்.
— கல்லூரி மாணவி, தல்லாகுளம்

நகத்துக்கு என்ன போடுகிறீர்கள்? நெயில் பாலிஷில் ஒரு ஃபார்மால்டிஹைடு பிசின் உண்டு. விரல் தோல் தடிப்பு, அது தாங்கிக்கொள்ளும். இமைத் தோல் உடம்பிலேயே மெல்லியது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை கண்ணைத் தொடுகிறோம் என்று நமக்கே தெரியாது. நகத்தைத் துடைத்துவிட்டு ஒரு மாதம் கழித்து எழுதுங்கள்.

19 வருஷமாகக் கொத்தனார். வயது 41. இரண்டு வருஷமாக உள்ளங்கை வெடித்து ரத்தம் கசிகிறது, விரலிடுக்கில் நீர்க் கொப்புளம். பொங்கலுக்குப் பத்து நாள் வேலைக்குப் போகாவிட்டால் ஆறிவிடும். கலவையைத் தொட்டால் இரண்டே நாளில் பழையபடி. 'சிமென்ட்ல பொறந்து சிமென்ட்ல வளந்தவன், உனக்கு என்னப்பா அலர்ஜி' என்கிறார் மேஸ்திரி.
— வாசகர், மேலூர் பக்கம்

தம்பி, என்ன வியாதி என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். பத்து நாள் விட்டால் ஆறுகிறது, தொட்டால் இரண்டு நாளில் வருகிறது. இதைவிட நல்ல சோதனை என்னிடமும் இல்லை. மேஸ்திரி சொன்னதைத் திருப்பிப் போட்டால் சரியாக இருக்கும்: சிமென்டில் வளர்ந்தவனுக்குத்தான் இது வரும்.

ஈரச் சிமென்ட் சுண்ணாம்பு மாதிரி காரம். அது எல்லார் கையையும் அரிக்கும். அதற்கு மேல், சிமென்டில் துளி அளவு குரோமியம் இருக்கிறது. தண்ணீரில் கரையும் வகைக் குரோமியம் தோலுக்குள் போய், நான் மேலே சொன்ன மனப்பாட வேலையைச் செய்யும். காரம் வெடிக்க வைத்த தோல் அதற்குக் கதவைத் திறந்து வைக்கிறது. சிமென்டில் இரும்பு சல்பேட் கலந்தால் அந்தக் குரோமியம் கரையாத வகையாக மாறிவிடும். ஐரோப்பிய நாடுகளில் 2005லிருந்து, ஒரு கிலோ சிமென்டில் கரையும் குரோமியம் 2 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது.

வேலையை விடுங்கள் என்று ஒரு கொத்தனாரிடம் சொல்ல எனக்கு நா எழாது. ஒரே ஒரு தடவை ஒருவரிடம் அப்படிச் சொன்னேன், அவர் ஒன்றும் பேசாமல் என் மேஜையில் கையை விரித்து வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தார். சுண்டுவிரலிலிருந்து மணிக்கட்டு வரை காய்ந்த குளத்து மண் மாதிரி. "இது இல்லாட்டி எனக்கு என்னம்மா தெரியும்?" என்றார். அதற்குப் பிறகு நான் வேறு விதமாகப் பேசக் கற்றுக்கொண்டேன்.

செய்ய முடிந்ததைச் சொல்கிறேன். கையுறை நைட்ரைல் வகையாக இருக்கட்டும், உள்ளே பருத்தி உறை போட்டுக்கொள்ளுங்கள். சாதா ரப்பர் கையுறையில் ரப்பரை இறுகச் செய்யும் மருந்துகளே சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. உறைக்குள் ஒரு துளி கலவை போய்விட்டால் உடனே கழற்றிவிடுங்கள், உள்ளே அடைபட்ட சிமென்ட் வெறுங்கையில் பட்டதைவிட மோசம். மண்ணெண்ணெய், தின்னர் ஊற்றிக் கை கழுவுவதை நிறுத்துங்கள். நல்ல தண்ணீரில் கழுவி, ஈரம் காயும் முன் வாசலின் தடவுங்கள். தோல் செருப்பையும் மாற்றுங்கள். தோலைப் பதனிடுவது பெரும்பாலும் குரோமியத்தில்தான், கால் சும்மா இருக்காது. கம்பி கட்டுகிற வேலையும் சென்ட்ரிங் வேலையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும், பூச்சு வேலையைக் குறைத்து அந்தப் பக்கம் நகர முடியுமா என்று மேஸ்திரியிடம் பேசிப் பாருங்கள். ஒன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன், குரோமியம் அலர்ஜி சிலருக்கு வேலையை மாற்றிய பிறகும் லேசில் விடாது. அதனால்தான் இப்போதே நகரச் சொல்கிறேன்.

இன்னொன்று. 1923ஆம் வருஷத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், குரோமியத்தால் வரும் நோய்களும் வேலையில் படும் ரசாயனத்தால் வரும் தோல் நோய்களும் தொழில் நோய்களாக எழுதப்பட்டிருந்தன; அதற்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொழில் நோய்ப் பட்டியல் இருக்கிறது. எழுதித் தரச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. உங்கள் கூட வேலை செய்கிற சித்தாள் பெண்களின் பாதத்தையும் ஒரு தடவை பாருங்கள். கலவையில் வெறுங்காலோடு நிற்கிறவர்கள் அவர்கள்தான், கடிதம் எழுதுவது மட்டும் எப்போதும் நீங்கள்.

அலர்ஜி எதனால் என்று பார்க்க ரத்தப் பரிசோதனை எடுத்தேன். கத்திரிக்காய், வேர்க்கடலை, இறால், தூசி என்று நீளமாகப் பட்டியல் வந்திருக்கிறது. சோப்பு, டிடர்ஜென்ட் எதுவும் இல்லையே?
— வாசகி, கே.கே.நகர்

இருக்காது. அது வேறு வகை அலர்ஜிக்கான சோதனை. தொட்டதால் வரும் அலர்ஜி ரத்தத்தில் அப்படித் தெரியாது, முதுகில் ஒட்டித்தான் பார்க்க வேண்டும். யாடஸோன் என்ற ஜெர்மானிய டாக்டர் 1895ல் சொன்ன முறை, இன்றைக்கும் அதுதான். சந்தேகப்படும் பொருள்களைச் சின்னக் கிண்ணங்களில் வைத்து முதுகில் ஒட்டி, 48 மணி நேரத்தில் எடுத்துப் பார்ப்போம். மறுபடி நாலாம் நாள் பார்ப்போம். அதுவரை முதுகு நனையக் கூடாது. சித்திரை, வைகாசியில் வந்து கேட்காதீர்கள், மதுரை வேர்வையில் பிளாஸ்டர் மாடிப்படி இறங்குவதற்குள் உரிந்துவிடும். மார்கழி, தை நல்ல காலம். வீட்டில் பாத்திரம் கழுவுகிற திரவம், ஷாம்பு, தைலம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். அந்தத் திரவங்கள் கெடாமலிருக்கச் சேர்க்கிற மீத்தைல் ஐசோதயஸோலினோன் மேல் எனக்கு எப்போதும் ஒரு கண். பட்டியலைப் பார்த்துக் கத்திரிக்காயை விட்டிருந்தால் திரும்ப வாங்குங்கள்.

மருந்துக்கடையில் தந்த டியூப் போட்டால் இரண்டு நாளில் அரிப்பு நிற்கிறது. விட்டால் திரும்ப வருகிறது. எட்டு மாதமாகப் போடுகிறேன். தொடரலாமா?
— வாசகர், திருமங்கலம்

கூடாது. உள்ளே ஸ்டீராய்டு இருக்கும். 2018ல் மத்திய அரசு இந்தக் களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் போட்டது. எட்டு மாதம் போட்டிருப்பதால் திடீரென்று நிறுத்தினால் எரியும். நேரில் வாருங்கள்.

அப்பாவுக்குக் கணுக்காலில் புண். ஆன்டிபயாட்டிக் களிம்பு போட்டதும் முதலில் ஆறுவது போல் இருந்தது. மூன்று வாரமாகச் சுற்றிலும் சிவந்து நீர் விட்டு அரிக்கிறது. களிம்பைக் கூடுதலாகப் போடட்டுமா?
— வாசகர், வாடிப்பட்டி

இதே தப்பை நான் என் அம்மாவுக்குச் செய்தேன். அவருக்கும் கணுக்கால் புண், நரம்புச் சுருட்டலால் வந்தது. நியோமைசின் கலந்த களிம்பு எழுதிக் கொடுத்தது நான்தான். பத்து நாள் நன்றாக ஆறியது. பிறகு சுற்றிலும் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து பொசிந்தது. கிருமி கூடிவிட்டது என்று நினைத்து, ஒரு வேளை பூசினதை மூன்று வேளை ஆக்கினேன். இன்னும் பொசிந்தது. ஊருக்கெல்லாம் முந்தாநாள் கேட்கிற நான் என் வீட்டில் கேட்கவில்லை. கடைசியில் எங்கள் நர்ஸ்தான் கட்டு மாற்றும்போது, "களிம்பு போட்ட இடம் வரைக்கும்தானே டாக்டர் செவந்திருக்கு?" என்றார். ஆமாம். வட்டம் எங்கே முடிகிறதோ அங்கே களிம்பும் முடிந்திருந்தது. நிறுத்தினேன். மருத்துவ உப்புநீரில் கழுவி, வெறும் வாசலின் துணி வைத்துக் கட்டினோம். எட்டு நாளில் காய்ந்துவிட்டது. "இதுக்காடி இத்தனை வருசம் படிச்ச?" என்று அம்மா கேட்டது வேறு கதை.

காலில் ஆறாத புண் இருப்பவர்களுக்கு நியோமைசின் அலர்ஜி மற்றவர்களைவிட அதிகம் வரும். களிம்பை இன்றைக்கே நிறுத்துங்கள். அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தாலோ காய்ச்சல் அடித்தாலோ கடிதத்துக்குக் காத்திராமல் வாடிப்பட்டியிலேயே டாக்டரிடம் காட்டிவிடுங்கள். போகும்போது அந்த டியூபைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கையோடு எடுத்துப் போங்கள்.